தோலின் மணம்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் பறை முழங்குமுன், அதன் தோலை வெயிலிலோ தீயருகிலோ காயவைத்தல் உண்டு. அப்போது எழும் மணத்தை முகஞ்சுளித்து ஒதுக்குவோர் உளர். புகையும் தோலும் கலந்த அம்மணத்தின் சாயலையே சிறு குப்பியில் அடைத்துப் பெருவிலைக்கு விற்கும்போது, விரும்பி வாங்கி மணிக்கட்டில் தடவிக்கொள்வோரும் உளர். குறை மணத்தில் இல்லை என்பது இதனாலேயே புலப்படும். தோற்றொழிலாளரை ஊர்ப்புறத்தே நிறுத்திய வழக்கம் ஐரோப்பிய நகரங்களிலும் இருந்தது.

'தோல் மணம்' எனப்படும் வாசனைத் தைலத்தில் பெரும்பாலும் தோலின் துணுக்கும் இராது. பச்சைத் தோலுக்கு இயல்பாய் உள்ளது நாற்றமே. தோலின் மணம் என்று மக்கள் கொள்வது, பதனிடுவோர் அதில் ஊட்டிய பட்டை, எண்ணெய், புகை ஆகியவற்றின் மணமாகும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. ருசிய நாட்டாரோ பூர்ச்சம் என்னும் குளிர்நாட்டு மரத்தின் பட்டையை வாட்டி, வடித்த கரிய தைலத்தைத் தோலில் ஏற்றினர். ஈரமும் பூச்சியும் அதனை அணுகா. 1786ஆம் ஆண்டு இத்தகைய தோற்கட்டுகளுடன் சென்ற மெட்டா கத்தரீனா என்னும் கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையருகே மூழ்கிற்று. 1973இல் முக்குளிப்போர் அதனைக் கண்டனர். இரு நூற்றாண்டுக்காலம் கடற்சேற்றில் கிடந்த அத்தோலிற் பல பகுதிகள், பைகளும் சப்பாத்துகளும் தைப்பதற்கு உதவின!

பிரான்சின் கிராஸ் நகரத்தில் கையுறை செய்தோர் தோலின் நாற்றத்தை மறைக்க மலர்மணம் ஏற்றினர். கையுறைத் தொழில் நலிந்தது. வாசனைத் தொழில் நிலைத்தது.

பூர்ச்சத் தைலம் தனித்து நின்றால் அடுப்படிப் புகைபோல் உறுத்தும். அதனை மென்மையாக்கப் பெரிதும் துணைபுரிவது சந்தனம். சந்தன எண்ணெயின் சந்தலோல் மிக மெல்லவே ஆவியாகும். வனிலாவும் சேர்ந்தால் பாலாடை போன்ற வழவழப்புத் தோன்றும். பூசிய முதற் கால்மணி நேரம் எலுமிச்சை போன்ற இலேசான மணங்களே மேலெழும். அடுத்துப் புகை தலைகாட்டும். அது தணிந்தபின், மாலைவரை உடலோடு ஒட்டிநிற்கும் மென்மணமே அத்தைலத்தின் உண்மை இயல்பு. ஆதலின் கடைவாசலில் முகர்ந்தவுடன் விலைபேசுதல் பிழை. கையில் ஒரு துளி தடவி, அரைநாள் பொறுத்திருந்து வாங்குவதே முறை.

குளிர்நாட்டார் அளவு வாவிக்கரைக்குப் பொருந்தாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெம்மையால் மேல்மணங்கள் விரைந்து பறந்துவிடும். வறண்ட தோலில் எஞ்சியதும் நெடுநேரம் நில்லாது. மணமற்ற எண்ணெயைச் சிறிது முன்னதாகத் தடவிக்கொண்டால் ஓரளவு தாங்கும். மாரிக்காலத்திலோ ஈரக்காற்றில் மணம் கனத்து நிற்கும். சன்னல் அடைத்த பஸ்ஸில் மூன்று துளி பூசியவர் ஏறினால், அருகிருப்போர் பாடு திண்டாட்டமே. காத்தான்குடியில் விற்கும் அத்தர் போன்று எண்ணெயில் கரைத்தவை, சாராயத்தில் கரைத்தவற்றைவிட அடக்கமாக மணக்கும். எனினும் அவற்றை வெள்ளை வேட்டியில் தொடலாகாது. எண்ணெய்க் கறை எளிதில் நீங்குவதில்லை.