வரிப் பாக்கியும் வாரிசுகளும்: உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

கொடுக்கல் வாங்கலை மனக்கணக்கிலேயே வைத்திருக்கும் பழக்கம் நம் வணிகர்களில் பலருக்கு உண்டு. முதலாளி இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. அவர் திடீரென்று காலமாகிவிட்டால், கடைக்கு எவ்வளவு வரிப் பாக்கி, எந்த நோட்டீஸுக்குப் பதில் போயிற்று என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

கேள்வி: முதலாளி இறந்துவிட்டால் வரிப் பாக்கியும் போய்விடுமா?

பதில்: போகாது. 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 93-ஆவது பிரிவு இதை இரண்டாகப் பிரிக்கிறது. வாரிசு கடையைத் தொடர்ந்து நடத்தினால், பழைய வரி, வட்டி, அபராதம் முழுவதற்கும் அவரே பொறுப்பு. கடையை மூடிவிட்டால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. உதாரணமாக, பாக்கி 5 லட்சம் ரூபாய். வீடு, வங்கி இருப்பு, சரக்கு எல்லாம் சேர்த்து அவர் விட்டுச்சென்றது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடையை மூடினால் 3 லட்சத்துக்கு மேல் வாரிசிடம் கேட்க முடியாது. தொடர்ந்தால் 5 லட்சத்தையும் கட்ட வேண்டும். ஆகவே காரியம் முடிந்ததும் ஷட்டரைத் திறந்துவிடாமல், முதலில் ஆடிட்டரைக் கொண்டு பாக்கியைச் சரிபார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இறந்தவரின் வருமான வரிப் பாக்கிக்கும் வாரிசின் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே.

கேள்வி: அப்பாவின் பதிவு எண்ணிலேயே மகன் பில் போடலாமா?

பதில்: கூடாது. மகன் தன் பான் எண்ணில் புதிய பதிவு பெற வேண்டும். பழைய பதிவை ரத்து செய்யுமுன் ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் வரை வாரிசுக்குச் செல்லும். அதற்குள் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

கேள்வி: பாக்கியைத் தவணையில் கட்டலாமா?

பதில்: கட்டலாம். டி.ஆர்.சி.-20 படிவத்தில் விண்ணப்பித்தால் 24 மாதத் தவணை வரை அனுமதி பெற வழி உண்டு. ஆனால் நாமே ரிட்டர்னில் காட்டி ஒப்புக்கொண்ட வரிக்கும், 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கும் இந்தச் சலுகை இல்லை. வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டிவரும். ஆகவே கடை தாங்கும் தொகையையே கேளுங்கள்.

கேள்வி: உத்தரவே தவறு என்றால்?

பதில்: உத்தரவு கிடைத்த 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளும் வரியை முழுவதும், மறுக்கும் வரியில் 10 சதவீதத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். கெடு கடந்துவிட்டால் வங்கிக் கணக்கையே முடக்க வழி ஏற்படும்.

கேள்வி: தள்ளுபடித் திட்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: அதை நம்பி இருக்கக் கூடாது. பழைய விற்பனை வரி, வாட் வரிப் பாக்கிகளுக்காகத் தமிழக அரசு 2023 அக்டோபரில் சமாதானத் திட்டம் கொண்டுவந்தது. அதன் காலம் 2024-இல் முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, வட்டியோ நிற்காது.

கேள்வி: சொத்தை மனைவி பெயருக்கு எழுதிவிட்டால் தப்பலாமா?

பதில்: முடியாது. பாக்கி ஏற்பட்ட பிறகு, அரசை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றம் 81-ஆவது பிரிவின்படி செல்லாது. பத்திரச் செலவுதான் வீணாகும்.

கேள்வி: உயில் அவசியமா?

பதில்: கடை வைத்திருப்பவருக்கு மிகவும் அவசியம். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் அனைவருக்கும் சம பங்கு உண்டு. கடையில் உழைத்த மகனுக்குத் தனிச் சலுகை இல்லை. மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது என்பதால் பங்கு இல்லாமலும் போகாது. முஸ்லிம், கிறிஸ்தவ உறுப்பினர்களுக்கு அவரவர் சட்டம் பொருந்தும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவர் சாட்சியாக இல்லாதிருப்பது நலம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது பின்னால் வழக்கைக் குறைக்கும். நம் நாட்டில் எஸ்டேட் வரி 1985-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் வாரிசுச் சொத்துக்கு அந்த வரி இல்லை. ஆனால் கடன் போக மீதிதான் பங்குக்கு வரும்.

கேள்வி: வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன், போதாதா?

பதில்: போதாது. வங்கியைப் பொறுத்தவரை நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நாமினி போடலாம் என்றாலும் இந்த நிலை மாறவில்லை.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவு எண், ஆடிட்டர் பெயர், வரிப் பாக்கி, நிலுவையிலுள்ள நோட்டீஸ், மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியது, வாடிக்கையாளரிடம் வர வேண்டியது ஆகியவற்றை எழுதுங்கள். அது இருக்கும் இடத்தை வீட்டம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுக்கணக்கு போடும்போது அதையும் திருத்தி எழுதினால், கடையைத் தொடர்வதா மூடுவதா என்பதைக் குடும்பத்தார் கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்க முடியும்.