இருமுறை மூடப்பட்ட போடி ரயில்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 1928இல் வந்த இந்தக் கிளைப் பாதைக்குப் போடியின் ஏலக்காய்ச் சந்தை முக்கிய ஆதாரம். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ரயில் திரும்ப 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகலப் பாதைக்காக 2010இன் இறுதியில் மறுபடி மூடினார்கள். தண்டவாளங்களுக்கு இடையிலான ஒரு மீட்டர் இடைவெளியை 1.676 மீட்டராக்குவது சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆனால் உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே கணவாயின் பாறையைக் குடைந்து அகலப்படுத்த வேண்டும், பாலங்களை மாற்ற வேண்டும். தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் வந்தது. ஒரு குழந்தை பள்ளிப் படிப்பையே முடிக்கும் காலம் இது!

பேருந்து அடிக்கடி ஓடுகிறதே, நாளுக்குச் சில நடை மட்டும் போகும் ரயில் எதற்கு என்பார்கள். ஏலக்காய் மூட்டைகள் லாரிக்கு மாறிவிட்டன என்பதும் உண்மைதான். ஆனால் கிளைப் பாதையின் பயனை அதன் டிக்கெட் வசூலை மட்டும் வைத்து அளப்பது தவறு. போடியில் ஏறுபவர் மதுரையோடு நிற்பதில்லை. அவர் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பங்கு பிரதான பாதையின் கணக்கில் சேர்கிறது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் போகிறவர்களுக்குக் குறைந்த கட்டணமே பெரிய உதவி. இன்று சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் போடிக்கு நேரடி ரயில் உண்டு. அதைத் தினசரி ரயிலாக்க வேண்டும்.