தேன்சிட்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஓர் உயிர்வேலி

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலும் அதைச் சூழ்ந்த மேலையூர், கீழையூர், திருவெண்காடு முதலிய ஊர்களிலும் வீட்டு முகப்பில் நிற்கும் செம்பருத்தி, வாய்க்கால் கரையில் நிழல் தரும் பூவரசு, வரப்போரத்தில் தானாக முளைக்கும் துத்தி, கொல்லையில் விதைக்கப்படும் வெண்டை, புளிச்சக்கீரை ஆகிய அனைத்தும், தாவரவியலாளர் மால்வேசி என்று பெயரிட்டுள்ள பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உருவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றினாலும் பூவின் நடுப்பகுதியை உற்று நோக்கினால் உறவு விளங்கிவிடும். மகரந்தத்தைத் தாங்கும் மெல்லிய தாள்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றாக இணைந்து குழலாகி, அக்குழலின் ஊடே சூலகத்தின் தண்டு நீண்டு வெளிவந்து, செம்பருத்தியில் ஐந்து சிறு கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் ஒருசேர வீட்டருகே வரவழைக்க விரும்புவோருக்கு இக்குடும்பத்தைக் காட்டிலும் எளிதில் வளரும் துணை டெல்டா மண்ணில் அரிது.

செம்பருத்தி வகைகளை வளர்ப்பது பற்றி அமெரிக்கத் தோட்டக்கலையாளர் எழுதும்போது ஹம்மிங் பறவை எனப்படும் ரீங்காரச் சிட்டையே முதலில் குறிப்பிடுவர். ஏறத்தாழ 360 இனங்களைக் கொண்ட அப்பறவைக் குடும்பம் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. எனினும் ஜெர்மனியில் கிடைத்த, சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவம் ஒன்று, அதன் முன்னோர் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் பறந்திருந்ததை 2004-இல் உலகுக்குத் தெரிவித்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதே வாழ்க்கை முறையை மேற்கொண்டிருப்பவை தேன்சிட்டுகள். இவ்விரண்டும் நெருங்கிய உறவினரல்ல. ரீங்காரச் சிட்டு உழவாரக் குருவிகளுக்கு உறவு. தேன்சிட்டோ சிட்டுக்குருவியும் காகமும் அடங்கிய பெருவரிசையைச் சேர்ந்தது. பூவில் மறைந்திருக்கும் தேனை உண்டு வாழும் தேவை இரண்டுக்கும் நீண்ட அலகையும், தேனை உள்ளிழுக்கும் குழல் வடிவ நாக்கையும், ஒளியில் நிறம் மாறி மின்னும் இறகுகளையும் தனித்தனியே அளித்திருக்கிறது. தொடர்பற்ற உயிர்கள் ஒரே தேவையால் ஒத்த உருவம் பெறும் இந்நிகழ்வை உயிரியலாளர் குவிபரிணாமம் என்பர்.

காவிரிச் சமவெளியில் மூன்று தேன்சிட்டுகளைக் காணலாம். மஞ்சள் வயிறும் செந்நிற மார்புப் பட்டையும் கொண்ட ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முழுவதும் கருநீலமாக மின்னும் ஊதாத் தேன்சிட்டு, 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரைத் தாங்கிய நீண்ட வளைந்த அலகுடைய தேன்சிட்டு என்பன அவை. அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் சிறிய உயிரொன்றைத் தோட்டத்தில் கண்டு ரீங்காரச் சிட்டு வந்ததாக மகிழ்வோர் உண்டு. அது பெரும்பாலும் பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சியாகவோ, ஒரு நொடி சிறகடித்து நின்ற தேன்சிட்டாகவோதான் இருக்கும். தேன்சிட்டு அவ்வாறு சிறிது நேரமே நிற்க வல்லது. கிளையிலோ காம்பிலோ அமர்ந்து உண்பதே அதன் வழக்கம். ஆகவே அதற்கென வளர்க்கும் செடி, அமர்வதற்கு ஏற்ற உறுதியான கிளைகளை உடையதாக இருக்க வேண்டும். இவ்வகையில் செம்பருத்திப் புதர் மிகவும் பொருத்தமானது.

செம்பருத்தியின் தேன், புல்லிவட்டத்தின் உட்புற அடிப்பகுதியில் உள்ள நுண்ணிய மயிர்களிலிருந்து சுரந்து இதழ்களின் அடியில் தேங்குகிறது. பூவின் வாய் வழியாக வரும் பட்டாம்பூச்சி, நீட்டி நிற்கும் மகரந்தக் குழலைத் தொட்டுக்கொண்டே உறிஞ்சுகுழலை உள்ளே செலுத்த வேண்டியிருப்பதால் அதன் உடலிலும் சிறகிலும் முள்முள்ளான பெரிய மகரந்தத் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. தேன்சிட்டோ பெரும்பாலும் பூவின் பின்புறம் அமர்ந்து, புல்லிக்கும் இதழுக்கும் இடையே அலகை நுழைத்தோ அடிப்பகுதியைத் துளைத்தோ, மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துவிடுகிறது. ஆய்வாளர் இதைத் தேன் திருட்டு என்பர். இதனால் செடிக்குப் பெரிய இழப்பு ஏதுமில்லை. வீடுகளில் வளரும் செம்பருத்தி நெடுங்காலக் கலப்பினால் உருவாகி, விதை பிடிப்பது அரிதாகி, மனிதர் போத்து நட்டே பரவிய செடியாகும்.

இந்த அமைப்பை அறிந்தால் எவ்வகையைத் தேர்வது என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கும். நாற்றங்கால்களில் விரும்பி வாங்கப்படும் அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களில் பல இதழ்களாக மாறிவிடுவதால், மகரந்தம் குறைந்து தேனுக்குச் செல்லும் வழியும் அடைபடுகிறது. ஐந்து இதழ் கொண்ட ஒற்றைச் சிவப்பே உயிர்களுக்கு உகந்தது. செந்நிறம் தேனீயின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பறவைக்கோ தொலைவிலிருந்தே புலப்படும். இதழ் விரியாமல் மிளகாய்ப் பழம்போல் தொங்கும் மிளகாய்ச் செம்பருத்தி மெக்சிகோவையும் அதை அடுத்த நாடுகளையும் சேர்ந்தது. அங்கு ரீங்காரச் சிட்டு நாடும் அப்பூவை இங்கு தேன்சிட்டு நாடுகிறது.

தேனளிக்கும் பூவை மட்டும் நட்டால் பட்டாம்பூச்சி வந்து செல்லுமே தவிர அங்கே பெருகாது என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. பெருகுவதற்குப் புழுக்கள் தின்னும் இலை வேண்டும். கருஞ்சிறகில் நீலம் சூழ்ந்த வெண்புள்ளிகளைத் தாங்கிய ஹைப்போலிம்னஸ் பொலினா என்னும் பெரிய பட்டாம்பூச்சியும், ஸ்பியாலியா கல்பா என்னும் விரல்நகமளவு துள்ளிப் பட்டாம்பூச்சியும் பருத்திக் குடும்பத்துக் குறுஞ்செடியான குறுந்தோட்டியில் முட்டையிடுகின்றன. களை என்று பிடுங்கி எறியப்படும் குறுந்தோட்டியையும், பிற்பகலில் மஞ்சள் பூ விரிக்கும் துத்தியையும் வேலியடியில் விட்டுவைப்பது, விலைகொடுத்து வாங்கும் எந்தப் பூச்செடியையும்விடப் பயனுடையது. இலையில் ஓட்டை விழுவது இத்தகைய தோட்டத்தில் குறையாகாது. தன் குஞ்சுகளுக்குத் தேன்சிட்டு ஊட்டுவது பெரும்பாலும் புழுக்களையும் சிலந்திகளையுமே.

மணிமேகலைக் காப்பியத்தில் மாதவியின் மகள் பூக்கொய்யச் செல்லும் உவவனம் உள்ளிட்ட பல சோலைகளைக் கொண்டதாகப் பேசப்படும் புகாரில், இன்று சோலைக்கு ஏற்ற பரப்பு எவரிடமும் மிகுதியாக இல்லை. ஆனால் வேலி இருக்கிறது. செங்கல் மதிலும் கம்பியும் பரவிவரும் இடங்களில் பூவரசம் போத்தையும் செம்பருத்தியையும் வரிசையாக நட்ட உயிர்வேலியை மீண்டும் எழுப்புவது இயலாததன்று. கடலை ஒட்டிய மணலில், குறிப்பாக 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஏறிய கரையோரத்தில், உப்புக் காற்றினால் செம்பருத்தியின் இலை விளிம்பு கருகும். அங்கு முன்வரிசையில் பூவரசே நிற்க வேண்டும். அதன் காய் கடல்நீரில் மிதந்து சென்று பிற கரைகளில் முளைக்கும் அளவுக்கு உப்பைத் தாங்கும் மரம் அது. காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் செம்மை ஏறும் அதன் பூ தேனீக்கும் தேன்சிட்டுக்கும் உணவாகிறது. தழை வயலுக்கு உரமாகிறது. அதன் பின்னே, காற்று தணிந்த இடத்தில் செம்பருத்தி செழிக்கும்.

ஆடியில் ஆற்றில் நீர் வரும் காலம் போத்து நடுவதற்கு ஏற்றது. பென்சில் பருமனுள்ள, முற்றியும் முற்றாததுமான செம்பருத்திக் கிளையை ஒரு சாண் நீளத்தில் கணுவுக்குக் கீழே வெட்டி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்பிடிக்கும். வயலோரக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கி வேர் அழுகும் என்பதால் மேடு கட்டியே நட வேண்டும். செம்பருத்தியின் பெரும்பகை மாவுப்பூச்சி. 2008-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றோடு செம்பருத்தியையும் அழித்தபோது, அதை ஒடுக்கியது பூச்சிக்கொல்லியன்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி வழங்கிய ஒட்டுண்ணிக் குளவியே. வீட்டுச் செடிக்குத் தண்ணீரை விசையுடன் பீய்ச்சுவதும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிப்பதும், மாவுப்பூச்சியைக் காத்துத் திரியும் எறும்பைத் தடுப்பதும் போதும். நஞ்சு தெளித்த பூவில் தேன்சிட்டை வரவேற்பது பெருந்தீங்கு.

மழை ஓய்ந்த தை, மாசியில் கவாத்து செய்தால் புதுக்கிளைகளில் பூ மிகும். வெட்டுமுன் புதரின் உட்கிளைகளைப் பார்க்க வேண்டும்; சிலந்தி நூலால் சருகையும் பட்டையையும் பிணைத்து, பக்கவாட்டில் வாயில் வைத்துத் தொங்கவிடப்பட்ட, பைபோன்ற தேன்சிட்டுக் கூடு அங்கே இருக்கக்கூடும். இருந்தால் அக்கிளையையும் அதை மறைக்கும் கிளைகளையும், முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும்வரை ஆகும் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு, வெட்டாமல் விட்டுவிட வேண்டும்.