ஆரணி ரோடு காட்டும் வழி: வாக்கத்தான் முடிந்த மறுநாள் என்ன செய்யலாம்?

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். 1992-ல் ஐ.நா. சபை அறிவித்த இந்த நாளையொட்டிப் பல ஊர்களில் வாக்கத்தான் நடக்கும். ஒரே நிற டி-ஷர்ட், பேனர், கொடியசைப்பு, குரூப் போட்டோ. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக நன்கொடையும் சேரும். நல்ல விஷயம்தான். ஆனால், மறுநாள் காலையில் அந்தக் குழந்தையின் வீட்டில் என்ன மாறியிருக்கும்?

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

தறி நின்றால் கூலி இல்லை

கைத்தறி வீடுகளில் கணவர் தறியில் உட்கார்ந்தால், மனைவி தார் சுற்றுவார். நெய்து கொடுத்தால்தான் கூலி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கோ, பிசியோதெரபி ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. வருடக்கணக்கில் தொடர வேண்டும். ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். திருவண்ணாமலை சுமார் 60 கிலோமீட்டர். ஒவ்வொரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போதும், டிக்கெட் காசோடு அன்றைய கூலியும் போகும். அதனால் பயிற்சி விட்டுப்போனால் தசைகள் இறுகிவிடும். மூளை வேகமாக வளரும் முதல் சில வருடங்கள் திரும்ப வராது.

அதே சாலையில் ஒரு டாக்டர்

வேலூர் பாகாயம் பகுதியில் போகும் சாலைக்குப் பெயரே ஆரணி ரோடு. அந்தப் பாகாயத்தில் 1966-ல் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

தென்காசி அருகே ஆய்க்குடியில் இன்னொருவர், எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தைகள் மையத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போகிறார்கள். 2020-ல் இவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதாவது, நடக்க முடியாத குழந்தையை அலைய விடாமல், நடக்க முடிந்தவர்கள் அந்த வீட்டுக்கு நடந்தார்கள்.

நடந்து சேர்த்த பணத்தை என்ன செய்யலாம்?

வாக்கத்தான் நடத்துபவர்கள் சேர்ந்த தொகையை ஒரே நாள் அன்னதானம், பரிசுப் பைகளோடு முடித்துவிடாமல், ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள் நெசவாளர் தெருவுக்கு வந்துபோகும் செலவாக மாற்றலாம். குழந்தையின் அளவுக்கேற்ற சக்கர நாற்காலி, காலிப்பர் வாங்கலாம். வளரும் குழந்தைக்கு அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஊர்வலத்திலும் அந்தக் குழந்தைகள் மேடையில் உட்காராமல், முன்வரிசையில் வரட்டும். சக்கர நாற்காலி போகும் பாதையாகத் தேர்ந்தெடுத்தாலே ஊரின் படிக்கட்டுகளும் பள்ளங்களும் கண்ணில் படும்.

அரசு உதவிகளைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதும் சேவைதான். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் தருகிறது. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் சிறப்பாசிரியர்கள் பற்றி வட்டார வளமையத்தில் விசாரிக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்க உடன் போகலாம். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் போதும், ஒரு தாயின் பாதி அலைச்சல் குறையும்.

நெசவாளர்களுக்கு இது புதிதல்ல. பாவு நீட்டும் வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் என்று கை சேர்ந்தால்தான் நூல் தளராது. ஒரு குழந்தை எழுந்து நிற்பதற்கும் அப்படித்தான் பல கைகள் வேண்டும். வாக்கத்தான் அதற்கான முதல் நாள்.