உங்கள் டிராயிங்கை யார் பார்க்கிறார்கள்?

மூன்று நாளில் விமான வடிவமைப்பை முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்த கலாமுக்குப் பேராசிரியர் சீனிவாசன் வைத்த கெடுவைக் கல்லூரி விழாதோறும் சொல்கிறார்கள். அதே பேராசிரியர் ஞாயிறு காலை டென்னிஸ் உடையோடு வந்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்ததை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். இன்றைய இளம் இன்ஜினீயர்களுக்குக் கெடு வைக்க நிறையப் பேர் உண்டு. வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

சிவில் படித்தவர்கள் பாடு இதில் மோசம். தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். லாங் டேங்க் என்ற நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த பகுதி. அங்கே பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும் சைட்டில், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண்ணின் கையில் மண் பரிசோதனை அறிக்கை இருக்கும். நாலு இடத்தில் துளையிட்டு எடுத்த அறிக்கை அந்த நாலு இடத்தைப் பற்றித்தான் உறுதியாகப் பேசும். நடுவில் தூர்த்த கிணறு இருந்தால்? பக்கத்து வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? ஐப்பசி அடைமழையில் குழிக்குள் எந்தப் பக்கமிருந்து ஊற்றெடுக்கும்? இந்தத் தெருக்களிலேயே காலமெல்லாம் அஸ்திவாரம் போட்டவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஓய்வுபெற்ற அவர்களில் பலர் மயிலாப்பூரிலும் அடையாறிலும்தான் இருக்கிறார்கள். காகிதத்தில் ஏறாத அந்த மண்ணறிவு அவர்களோடு போய்விடுமோ என்பதே என் பயம்.

யூடியூபும் ஏ.ஐ.யும் போதும் என்பவர்களும் உண்டு. சூத்திரத்துக்குப் போதும். குழியில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார் என்று சொல்ல மனிதர் வேண்டும்.

"சார், எனக்கு மென்டரா இருங்க" என்று கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள். டிராயிங்கை விரித்து, "சார், இந்தக் காம்பவுண்டை ஒட்டி ரெண்டு மீட்டர் தோண்டணும், பக்கத்துச் சுவர் தாங்குமா?" என்று கேளுங்கள். கண்ணாடியைத் தேடி எடுப்பார்கள். அவர்கள் சொன்னபடி செய்ததில் என்ன நடந்தது என்று அடுத்த வாரமே போய்ச் சொல்லுங்கள். உறவு அங்கேதான் பிடிக்கும்.

பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி ஓராண்டுப் பயிற்சியும் உதவித்தொகையும் உண்டு. இந்தப் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் தரமணியிலேயே இருக்கிறது. அந்த ஓராண்டில் யாருக்குக் கீழே வேலை என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் விசாரியுங்கள்.

கல்லூரிகளும் மனது வைக்க வேண்டும். ஓய்வுபெற்ற இன்ஜினீயரை இறுதியாண்டு வைவாவுக்கு ஒரு நாள் வரவழைத்து, சால்வை போர்த்தி அனுப்புவதில் பயனில்லை. புராஜெக்ட் தலைப்பு முடிவாகும் நாளிலேயே அழையுங்கள். ஆட்டோ செலவைக் கொடுத்து, பிள்ளைகளோடு மாதம் ஒரு சைட்டுக்கு அனுப்புங்கள்.