தளம் போடும் முன் நாலு கேள்வி!

'வீட்டைக் கட்டிப் பார்' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், நண்பர்களே! 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி மழைக்குத் தாங்கும் தளத்தை யாரிடம் ஒப்படைப்பது?

ஒன்று: கான்ட்ராக்டர் சில வருஷம் முன் போட்ட தளத்தை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். சீலிங்கில் ஈரத்திட்டும் துருக்கறையும் இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

இரண்டு: கலவை என்ன? ஐ.எஸ். 456 (2000) படி கம்பி கட்டிய கான்கிரீட் எம்20-க்குக் குறையக்கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான். "இளக்கமா இருந்தாதான் வேலை ஓடும்" என்று குடம் குடமாக ஊற்றுபவர் வேண்டாம். மிஞ்சிய தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளை; அதன் வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

மூன்று: முட்டு எப்போது பிரிப்பார்? 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் குறைந்தது 7 நாள்.

நான்கு: மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போடும்போது குழாய்ப் பக்கம் வாட்டம் வைப்பாரா?

பதிலை எழுதி வாங்குங்கள். வேலை நகர நகரப் பணம் கொடுங்கள்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். அப்பாவின் உழைப்பும் அம்மாவின் சீட்டுப் பணமும்தான் அந்தத் தளம். கேட்க வேண்டியவர்கள் நாம்தானே? நல்ல மேஸ்திரி கோபிக்க மாட்டார்.