வழிகாட்டும் செய்மதி யாருடைய கையில்?

பதுளையிலிருந்து தோட்டப் பாதையில் ஏறும் முச்சக்கரவண்டிச் சாரதியும் இன்று கைபேசியில் வரைபடத்தைப் பார்க்கிறார். நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளிக்கு யாரும் தனியாகக் கட்டணம் கேட்பதில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு ஒரு நாடு ஏன் சொந்தச் செய்மதிகளை ஏவ வேண்டும்?

ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. இடம் நூறு மீற்றர் வரை தவறும். 2000 மே மாதத்தில்தான் அது நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, கார்கில் போரில் இந்தியா கேட்ட ஜி.பி.எஸ். தரவுகளை அமெரிக்கா மறுத்ததாக இந்தியாவில் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஏ9 பாதை மூடப்பட்ட நாட்களை வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாதை எல்லோருக்கும் பொது; மூடும் அதிகாரம் மட்டும் ஒருவர் கையில்.

2006இல் இந்தியா சொந்த முறைமைக்கு ஒப்புதல் அளித்தது. 2013 முதல் 2016 வரை ஏழு செய்மதிகள் ஏவப்பட்டன. 'நாவிக்' எனப்படும் இது இந்திய எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீற்றர் வரை சேவை தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கும்.

ஆனால் செய்மதியை ஏவினால் மட்டும் போதாது. சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்தே தூரம் கணிக்கப்படுகிறது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் தவறும். ஆகவே செய்மதிக்குள் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. இந்தியா அவற்றை ஐரோப்பாவிலிருந்து வாங்கியது. முதல் செய்மதியின் மூன்று கடிகாரங்களும் பழுதாகின. உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரம் 2023 மே மாதம்தான் விண்ணுக்குப் போனது.

நமக்கு இதில் என்ன? மலைச்சரிவில் கருவிகளைப் பொருத்தி, இத்தகைய சமிக்ஞைகளால் தொடர்ந்து அளந்தால், நிலம் மில்லிமீற்றர் கணக்கில் நகர்வதையும் கண்டுகொள்ளலாம். ஊவாவின் தோட்டங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். தமக்குச் சொந்தமில்லாத லயனை விட்டுப் போக, அவர்களுக்கு வேறு காணி இருக்கவில்லை.

செய்மதி ஆபத்தான இடத்தைக் காட்டித்தரும். பாதுகாப்பான இடத்தில் காணி கொடுக்க வேண்டியது அரசாங்கம்.